இருப்பிடம் தெரியாதவர்

வீட்டை விட்டுப் போன ஒருவரைப் பற்றி விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்ற சந்தேகம் எங்கள் குடும்பத்தில் பதினோரு வருடமாக யாருக்கும் வரவில்லை. அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வந்தது. மாப்பிள்ளை காரைக்கால்காரர்தான், ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொள்வதென்றால் தாலிக்கு முன்னால் தாள்கள் வர வேண்டும். தாள்களில் கட்டங்கள் இருக்கும். மணமகளின் தகப்பனார்: பெயர், தொழில், இருப்பிடம்.

பெயர் இருந்தது.

அத்தான் பொதுப்பணித்துறையில் எழுத்தராக இருந்தவர். வரிச்சிக்குடியில் அவர்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் யூரியா வாங்கி வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அந்த வண்டி ரயில் நிலையத்து ஸ்டாண்டில், முறையாகப் பூட்டி, டோக்கன் போட்டு நின்றது. யூரியாவை நான் வாங்கிப் போட்டேன். இருபது நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு போன். நல்லா இருக்கேன், தேட வேண்டாம் என்றார். அதற்கு மூன்று வருடம் கழித்து, திருவண்ணாமலையில் ஓர் அன்னதான வரிசையில் காவி வேட்டியோடு அவரைப் பார்த்ததாக எங்கள் ஒன்றுவிட்ட தம்பி வந்து சொன்னான். கூப்பிட்டானாம். திரும்பிப் பார்த்தாராம். லேசாகச் சிரித்து, இலையை வாங்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாராம். அதோடு சரி. எட்டு வருடமாக ஒரு சேதியும் கிடையாது.

அக்கா அங்கன்வாடி டீச்சர். காலையில் குளித்து, நெற்றியில் வட்டமாகப் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமையானால் தாலிக்கு மஞ்சள் தடவி, எட்டரை மணிக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் வெளியூர்ல இருக்காரு என்பாள். பொய்யும் இல்லை. வெளியூர் என்பது பெரிய இடம்.

மாப்பிள்ளையின் பெரியப்பாதான் தாள்களைப் பார்த்துக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தில் பொருள் கிடங்கில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, காரைக்காலில் பெரிய வீடு கட்டி, அதில் இரண்டே அறைகளில் குடியிருப்பவர். ஊரில் அவரைச் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த எல்லோரும் இங்கே சொல்தாதான். நாங்கள் சம்பந்தி என்று கூப்பிட்டோம்.

சம்பந்தி நல்லவர். நல்லவர் என்பதால்தான் சிக்கல். தொழில், இருப்பிடம் என்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டால் தாள் திரும்பி வந்துவிடும் என்றார். அதற்கு அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். பிரெஞ்சில் ‘தெசெதே’ என்று ஒரு வார்த்தை. காலமானார். அதைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் மற்ற இரண்டு கட்டங்களையும் கோடு போட்டு அடித்துவிடலாம். ஏழு வருடம் சேதியில்லாதவரை இறந்தவராகக் கருதச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாமாம். அக்கா ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும். வக்கீலும் சம்பந்தியே பார்த்து வைத்திருந்தார். கல்யாணம் தை மாதம். ஆடி முடிவதற்குள் மனு போனால்தான் நேரத்துக்கு உத்தரவு வரும்.

அக்கா யோசிச்சுச் சொல்றேன் என்றாள். மூன்று வாரம் யோசித்தாள்.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாமல் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றே அவள் கழுத்தையும் நெற்றியையும் ஊர் காலி செய்துவிடும். மகள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு எடுக்க முடியாது. பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் போனால் யாராவது மெதுவாக, அன்போடு, வெளியே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைப்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால், தாள் திரும்பி வரும். மாப்பிள்ளைக்கு விடுப்பு முடிந்துவிடும். கல்யாணம் அடுத்த வருடத்துக்குப் போகும். அடுத்த வருடம் என்று தள்ளிய கல்யாணங்கள் என்ன ஆயின என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வக்கீல் வீடு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் படவட்டத்தில் புத்தர் படம் போடுவதாக இருந்தது.

படவட்டம் என்பது நாங்கள் எட்டுப் பேர். ஒரு வங்கிக்காரர், ஒரு ஹோமியோபதி டாக்டர், மிச்சம் எல்லாம் என்னைப் போல வாத்தியார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். மற்ற நேரங்களில் உரைநடையும் ஆகாமல் கவிதையும் ஆகாமல் ஒன்று எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை மடக்கிவிட்டுப் படம் போடுவோம். கிழக்கே ஜன்னல்கள். கடல்காற்று வரும். மேடைக்குப் போடும் சிவப்பு வெல்வெட்டுத் திரைகளைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினால் பகல் மூன்று மணிக்கும் கூடம் இருட்டிவிடும். எந்த நாட்டுப் படம் ஓடினாலும் சாம்பார் வாசனை இருக்கும்.

இந்தப் படம் டாக்டரின் மைத்துனர் மூலமாகப் பென் டிரைவில் பாரிசிலிருந்து வந்தது. பேசாத காலத்துப் படம். ஓர் இளவரசன், அரண்மனை, மனைவி, குழந்தை, அப்புறம் அவன் போய்விடுகிறான், புத்தராகிறான். படம் முழுக்க மழை பெய்வது போலக் கீறல்கள். ஆட்கள் வாயசைப்பார்கள், பிறகு கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வரும். அந்த நாலு வரியும் பிரெஞ்சில் இருந்தது. எங்கள் எட்டுப் பேரில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. நம் ஊர் எவ்வளவு நாள் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது என்று வங்கிக்காரர் வருத்தப்பட்டார்.

ஆகவே நான் சம்பந்தியிடம் போனேன். அவர் ஒவ்வொரு பலகையையும் தமிழில் சொல்ல வேண்டும், நான் அதை நல்ல தமிழாக்கி எழுதிக்கொண்டு, படம் ஓடும்போது மைக்கில் வாசிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நாலு சாயங்காலம் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். மேசையின் ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் அக்கா மகளின் தாள்கள். சம்பந்தி கிடங்கில் வேலை பார்த்தவர் அல்லவா, மொழிபெயர்ப்பும் அப்படியே வந்தது. அரண்மனை, ஒன்று. யானைகள், எண்ணிக்கை போடவில்லை. குழந்தை பிறந்தது, ஆண். நான் அதைக் கேட்டு, வைகறையில் ஒரு மொட்டு அவிழ்ந்தது என்று எழுதிக்கொள்வேன். அவர் எட்டிப் பார்த்து, மொட்டு எங்க வருது இதுல, என்று கேட்பார். நான் அடிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி எழுதுவேன்.

இளவரசன் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தோம். பலகையில் ஒரே வரி. இவர் எல்லாத்தையும் ரெனோன்ஸ் பண்ணிட்டாரு, என்றார். நான் ‘துறந்தார்’ என்று எழுதினேன். சம்பந்திக்குத் திருப்தி இல்லை.

“துறந்தார்னா? எதைத் துறந்தார்னு கேப்பாங்கள்ல. சட்டையையா?”

எல்லாவற்றையும் என்று சேர்த்தேன். சரி, உங்க இஷ்டம் என்றார். பிறகு மறுபக்கத்துத் தாள்களை ஒரு முறை பார்த்து, அக்கா ஏதும் சொன்னாங்களா, என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வழக்கமாக வருகிற இருபது பேருக்குப் பதிலாக அறுபது பேர் வந்தார்கள். சம்பந்தியின் பிரெஞ்சு மேடையேறுகிறது என்று அவர் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் இடத்துக்குப் பெண் வீட்டார் போகாமல் இருப்பது மரியாதையில்லை என்பதால் அக்காவும் என் மனைவியும் வரிச்சிக்குடியிலிருந்து எங்கள் பங்காளிகள் ஒரு ஆட்டோ நிறையவும் வந்தார்கள். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம் என்று யாரும் சொல்லாமலேயே பிரிந்து உட்கார்ந்தார்கள். மண்டபப் பழக்கம். ஒரு பெரியவர் சாப்பாடு உண்டா என்று வங்கிக்காரரிடம் விசாரித்தார். டீ உண்டு என்று சொன்னதும் இருந்துவிட்டார்.

விளக்கை அணைத்தார்கள். என் வாழ்க்கையில் நான் கணக்கில் எடுக்காத ஒன்று அப்போது தெரிந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கிட்டத்தில் இருப்பதற்கு ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒரு கண்ணாடி. திரையைப் பார்த்தால் நோட்டு தெரியாது, நோட்டைப் பார்த்தால் திரை தெரியாது. மாற்றி மாட்டுவதற்குள் பலகை போய்விடும். மூன்றாவது பலகையிலேயே தவறிவிட்டேன். திரையில் யானைகள் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தபோது, இளவரசனின் தாய் கண்மூடினாள், அரண்மனை இருண்டது, என்று உருக்கமாக வாசித்தேன். யானைகள் தொடர்ந்து நடந்தன. சம்பந்தி என் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு படம் தெளிவாகப் போனது. சம்பந்தி திரையைப் பார்த்து நேராகச் சொன்னார். இளவரசர் வெளிய போறாரு. கிழவர் ஒருத்தர், வயசு போடல. நோயாளி ஒருத்தர். இவர் காலமாயிட்டாரு. இவருக்கு வீடு வாசல் கிடையாது, சந்தோஷமா இருக்காரு. என் நோட்டில் இந்த நாலு காட்சிகளுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக நாலு பக்கம் இருந்தது.

அந்த ஒற்றை வரிப் பலகை வந்தது. சம்பந்தி என் ‘துறந்தார்’ என்ற சொல்லை ஒரு கணம் தேடினார் என்றுதான் நினைக்கிறேன். கிடைக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

“இளவரசர் ரெனோன்சான் ஆயிட்டாரு.”

காரைக்காலில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில், எங்கள் சாதி வழக்கமும் சட்டமும் இனி எனக்கு வேண்டாம், உங்கள் சட்டத்துக்குள் வருகிறேன் என்று அதிகாரி முன்னால் எழுதிக்கொடுத்தவர்கள் ரெனோன்சான்கள். துறந்தவர்கள் என்றுதான் நேர் அர்த்தம். ஆனால் துறந்தவர்கள் காட்டுக்குப் போகவில்லை, பாரிசுக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் மூன்று தலைமுறையாக ரெனோன்சான். கூடத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை யாரோ ஒரு வடநாட்டு இளவரசனாக இருந்தவர் சட்டென்று நம்மாள் ஆகிவிட்டார்.

வலப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். “அப்ப குடும்பப் பேரு என்ன வச்சுக்கிட்டாரு?”

நியாயமான கேள்வி. எழுதிக்கொடுத்தவர்கள் அப்போதே புதிதாக ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. சிலர் பூவின் பெயர் வைத்தார்கள், சிலர் வாய்க்கு வந்ததை.

சம்பந்தி திரையில் தேடினார். பின்னாலிருந்து இன்னொரு குரல் சொன்னது.

“புத்தர்னுதான் வச்சாரு. பேரு சித்தார்த்தன், குடும்பப் பேரு புத்தர்.”

ஓகோ என்றார் கேட்டவர். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பல வருடமாகப் பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய பாடத்தைவிட இது சரியாக இருப்பது போலப் பட்டது.

பிறகு அந்த இரவுக் காட்சி. மனைவி தூங்குகிறாள், பக்கத்தில் குழந்தை. அவர் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே போவதா வேண்டாமா என்று முகத்தில் ஓடுகிறது. படம் பிடித்தவருக்கு அவசரம் இல்லை, நெடுநேரம் நிற்க வைக்கிறார். திரைத்துணி காற்றில் லேசாக அசைந்ததால் மனைவி மூச்சு விடுவது போல இருந்தது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும். நான் அந்த நிற்றலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் மூன்று முறை வீட்டை விட்டுப் போயிருக்கிறேன். மூன்று முறையும் நாகூர் வரை. பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்து, கடலைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்தேன். என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது, அல்லது தெரிந்து ஒன்றும் சொல்லவில்லை. என்னால் ஒரு வாசலில் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. அதனால்தான் போகவும் முடியவில்லை போலிருக்கிறது.

இளவரசர் போய்விட்டார். குதிரை ஆற்றைத் தாண்டியது. பலகை எதுவும் வரவில்லை.

பேசாத படத்தில் ஒரு சங்கடம் உண்டு. பார்க்கிறவர்கள் பேசுவதுதான் அதற்கு வசனம். இடப்பக்கத்திலிருந்து அக்கா, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். அறுபது பேருக்கும் கேட்டது.

“இப்ப அந்தப் பொண்ணு தாலிய என்ன பண்ணும்?”

வரிச்சிக்குடிக்காரர்கள் அத்தனை பேரும் திரையை மிகவும் கவனமாகப் பார்த்தார்கள். என் மனைவி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். சம்பந்தி மைக்கில் சொன்னார், கடமை தவறாத குரலில்.

“அதுக்குப் பலகை இன்னும் வரல, சம்பந்தியம்மா.”

வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதுதான் படத்தைக் கெடுத்தது, அல்லது காப்பாற்றியது. அதற்குப் பிறகு இளவரசர் முடியை அறுத்தார், பிச்சை எடுத்தார், பட்டினி கிடந்தார். யாருக்கும் அதில் நாட்டம் இல்லை. அந்தப் பொண்ண எப்பக் காட்டுவாங்க என்று ஒரு அம்மாள் இரண்டு தடவை கேட்டாள். அவர் மரத்தடியில் உட்கார்ந்து ஞானம் அடைந்த நேரத்தில் டீ வந்தது. எவர்சில்வர் தட்டு, கண்ணாடித் தம்ளர்கள், சர்க்கரை இல்லாதது எது என்ற விசாரணை. சம்பந்தி டீயை வாங்கிக்கொண்டே, அவருக்குப் புரிஞ்சிடுச்சு, என்று அறிவித்தார். அடுத்த பலகைக்குப் போனார்.

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள். முதலில் தூரத்தில், அரண்மனைக்குள்; ஆளாளுக்கு வந்து அவளிடம் அழுதார்கள், சமாதானம் சொன்னார்கள், மாமனாரும் வந்தார். வெள்ளைப் புடவை. நகைகள் இல்லாதது போலத் தெரிந்தது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வருகிறாள். கழுத்து தெரியும் தூரத்துக்கு வந்தபோது பழைய படத்தின் கீறல் ஒன்று சரியாக அந்த இடத்தில் மேலிருந்து கீழாக இறங்கியது.

“இருக்கு,” என்றாள் ஒரு அம்மாள்.

“அது கோடு. தாலி இல்ல.”

“நிறுத்திக் காட்டச் சொல்லுங்க.”

வங்கிக்காரர் நிறுத்தினார். பெரிதாக்கச் சொன்னார்கள், பெரிதாக்கினார். யாரோ ஒரு நடிகை, இன்றைக்கு எலும்புகூட மிஞ்சியிருக்காது, அவளுடைய கழுத்து பத்தடி அகலத்துக்கு விரிந்து நின்றது. அறுபது பேர் எட்டிப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் புள்ளிகள். நெருங்க நெருங்க அது கழுத்தாகவும் இல்லை, தாலியாகவும் இல்லை, மழைக்கால வானம் மாதிரி ஆகிவிட்டது. வடக்கத்திப் பொண்ணு, அவங்களுக்குக் கருகமணிதானே என்று ஒருவர். அந்தக் காலத்துல ராஜா வீட்ல தாலியே கிடையாது என்று இன்னொருவர். ஹோமியோபதி டாக்டர் ஏதோ பாலி மொழி நூல் என்று தொடங்கினார். யாரும் விடவில்லை.

அக்காதான் முடித்துவைத்தாள். “விடுங்க, படத்தப் போடுங்க. அது அவ கழுத்து.”

படம் போட்டார்கள். அவள் அவர் காலில் விழுந்தாள். கடைசிப் பலகை வந்தது. அந்த அம்மாவும் ரெனோன்சான் ஆயிட்டாங்க என்றார் சம்பந்தி. விளக்கைப் போட்டார்கள். வெல்வெட்டை அவிழ்த்ததும் மாலை வெளிச்சம் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து விழுந்தது. எல்லோரும் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா சம்பந்தியிடம் வந்தாள். நான் இரண்டடி தள்ளி, எட்டு நாற்காலிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, நாளைக்கு வக்கீல் வீட்டுக்கு வரல.”

சம்பந்தி மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

“இவ்வளவு நேரம் பாத்தேன்,” என்றாள். “அந்தப் பொண்ணுகிட்ட எல்லாரும் வந்து அழுவுறாங்க, சமாதானம் சொல்றாங்க, மாமனார்காரரு கூட வந்தாரு. ஒருத்தராவது, செத்துட்டாருன்னு எழுதிக் குடும்மான்னு கேட்டாங்களா? எனக்கு அந்தாளு மேல கோவம் இருக்குண்ணே. நெறைய இருக்கு. செத்தவரு மேல கோவப்பட முடியாது. அவரு இருக்கட்டும்.”

“கட்டம் காலியா இருக்குமே சம்பந்தியம்மா.”

“தொழில் கிடையாதுன்னு போடுங்க. எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு போடுங்க. அதுதானே நெசம். உங்க பிரெஞ்சுல அதுக்கு வார்த்தை இல்லையா?”

சம்பந்தி ஒயரைப் பார்த்தார். முழுதாகச் சுருட்டி, முனையைச் செருகினார். பிறகு, இருக்கு, என்றார். தெரிந்த தொழில் இல்லை, தெரிந்த இருப்பிடம் இல்லை என்று எழுதலாமாம். பிரெஞ்சுக்காரன் அதற்கென்றே சொல் வைத்திருக்கிறான். தாள் திரும்பி வராது.

நான் நாற்காலிகளைக் கீழே வைத்தேன். பிறகு ஏன் மூன்று வாரம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டது நான்தான். சம்பந்தி என்னிடம் பதில் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னார்.

“அது அங்க ரோட்டுல படுத்துக்கெடக்கறவனுக்குப் போடற வார்த்தைம்மா. கெடங்குல இருக்கும்போது குளிர்காலத்துல நானே எத்தனையோ பேருக்குக் கம்பளி குடுத்து அப்படி எழுதிருக்கேன். நம்ம பொண்ணோட அப்பாவுக்கு அதப் போடறதாவதுன்னு இருந்துச்சு. காலமானார்னா கௌரவமா இருக்கும்னு நெனச்சேன்.”

“ரோட்டுலதாண்ணே படுத்துக்கெடப்பாரு,” என்றாள் அக்கா. “போடுங்க.”

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் வரிச்சிக்குடிக்குப் போனேன். வக்கீலிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டதைச் சொல்வதற்கு. சம்பந்தி இரவோடு இரவாகக் கட்டங்களை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பியிருந்ததைக் காட்டுவதற்கும். அக்கா குளித்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடமாகக் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஒரு கோடு.

நான் போனை நீட்டியபடி நின்றுவிட்டேன். அவள் வாங்கிப் பார்த்தாள். பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. எந்தக் கட்டம் என்று கேட்டாள், காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

“உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்?”

இறந்துவிட்டார் என்று எழுதவில்லை, ஆகவே அப்படித்தான் அர்த்தம் என்றேன்.

“அது போதும் தம்பி. இத்தன வருஷமா அவரு இருக்காருங்கறதுக்கு நான்தான் அத்தாட்சி. கழுத்துல போட்டுக்கிட்டு ஊர் பூரா காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். வெள்ளிக்கெழமையானா அதுக்கு மஞ்சள் வேற. இனிமே அந்தத் தாளு சொமக்கட்டும்.”

பம்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். ஊர்ல கேப்பாங்களே என்றேன். அங்கன்வாடிக்கு நேரமாகிறது என்றாள்.

ஊர் கேட்கத்தான் செய்தது. ஆனால் எப்படிக் கேட்பது என்று அதற்குத் தெரியவில்லை. தாலி இல்லை என்றால் பொட்டு இருக்கக் கூடாது. பொட்டு இருந்தால் தாலி இருக்க வேண்டும். புருஷன் செத்ததாகச் சேதியும் இல்லை, அவர் இருக்கிறார் என்று இவளே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எந்தப் பக்கம் நின்று பேசினாலும் மறுபக்கம் இடித்தது. என் மனைவி மட்டும் ஒரு நாள் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெயிலுக்கு நல்லாருக்குமே என்றாள். எனக்கு அன்று முழுதும் பாடம் ஓடவில்லை.

தாள் திரும்பி வரவில்லை. தையில் கல்யாணம், முன்பு படம் போட்ட அதே மண்டபத்தில்தான், வேறு இடம் கிடைக்கவில்லை. தாரை வார்க்க நானும் என் மனைவியும் மணையில் உட்கார்ந்தோம். அக்கா பெண்ணின் பக்கத்திலேயே நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வெறும் கழுத்து. முகூர்த்தம் முடிந்து சுமங்கலிகளுக்குக் குங்குமம் கொடுக்கும் நேரம் வந்தது. சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி வெள்ளிக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். ஒவ்வொருவருக்கும் நெற்றியில் ஒரு தீற்று, தாலியில் ஒரு தீற்று. அக்கா முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். கிண்ணத்தை நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. பின்னால் வந்த வரிசையும் நின்றது. நாதஸ்வரக்காரர் கூட மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு விரலைக் கிண்ணத்தில் விட்டு, தன் நெற்றியில் தானே வைத்துக்கொண்டாள். மிச்சக் குங்குமத்தை எங்கே தடவுவது என்று அவள் விரல் ஒரு கணம் கழுத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல், நின்றது. பிறகு குனிந்து மகளின் புதுத் தாலியில் அதைத் துடைத்தாள்.

அந்த அம்மாள் அடுத்தவளுக்கு நகர்ந்தாள். அக்கா என் பக்கம் திரும்பி, முதல் பந்தி எந்திரிச்சாச்சா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.